கணக்கு உதைக்கிறது

ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அய்யனார் கோவில். மாந்தோப்பு, தென்னந்தோப்பு எல்லாம் தாண்டி, ரோடு அலுத்துப்போய் நிற்கிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். ஆற்றைக் கடந்துதான் சாமியைப் பார்க்க முடியும். மழைக் காலத்தில் திடீர் வெள்ளம் வந்து, கும்பிடப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டதாகவும், கயிறு கட்டி மீட்டதாகவும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த ஆறுதான். சாமிக்குப் பெயரே நீர் காத்த அய்யனார்.

நாங்கள் போன அன்றைக்கு ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நானும் என் மனைவியின் தாய்மாமாவும் ஒரு பாறையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். எதிர்ப் பாறையில் நாலு குரங்குகள் எங்களுக்கு முன்னாலேயே இலை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தன.

மாமா பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். யுத்தப் படம் என்றாலே அவருக்கு ஆகாது. டி.வி.யில் கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குண்டு மழைக்குள் ஓடினால், “எவன்யா இவனுக்கு ட்ரெயினிங் குடுத்தது?” என்று சேனலை மாற்றிவிடுவார். முந்தின நாள் ராத்திரி என் லேப்டாப்பில் ஒரு கொரியப் படம் போட்டேன். பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். கடைசி வரைக்கும் வாயைத் திறக்காமல் பார்த்தார். முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார்.

இப்போது சாதத்தைப் பிசைந்தபடி கேட்டார்:

“மாப்ள, அந்தப் பொண்ணு எதுக்கு அதைப் போய் அவன்கிட்ட சொல்லுச்சு?”

அவர் எதைக் கேட்கிறார் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் கதையைச் சொல்லியாக வேண்டும். முடிவையும் சேர்த்து. இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

படத்தின் பெயர் ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’. 2000-ல் வந்தது. இயக்குநர் பார்க் சான்-வூக், ‘ஓல்ட்பாய்’ எடுத்து உலகத்தை மிரட்டுவதற்கு மூன்று வருஷம் முன்னால் எடுத்தது. ‘பாரசைட்’ படத்தில் ஏழைக் குடும்பத்து அப்பாவாக வருவாரே சோங் காங்-ஹோ, அவர் இதில் வட கொரிய சார்ஜென்ட்.

இரண்டு கொரியாக்களுக்கும் நடுவே 1953 போர்நிறுத்தத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் 2 கிலோமீட்டர், அந்தப் பக்கம் 2 கிலோமீட்டர் ஆயுதம் கூடாத பட்டை. அதற்குள் பான்முன்ஜோம் என்ற இடத்தில் மட்டும் இரு தரப்புச் சிப்பாய்களும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்தபடி நிற்கிறார்கள். ஒரு ராத்திரி அங்கே வட கொரியக் காவல் குடிசைக்குள் துப்பாக்கிச் சத்தம். வட கொரியர்கள் இரண்டு பேர் பிணம். ஒரு வட கொரிய சார்ஜென்ட்டுக்குக் காயம். ஒரு தென் கொரிய சார்ஜென்ட் நொண்டிக்கொண்டே தன் பக்கம் ஓடி வருகிறான். ‘என்னைக் கடத்தினார்கள், தப்பிக்கச் சுட்டேன்’ என்கிறது தெற்கு. ‘புகுந்து சுட்டான்’ என்கிறது வடக்கு. இரண்டு கதையும் அச்சடித்த மாதிரி சுத்தமாக இருக்கின்றன. விசாரிக்க வருகிறவர் சுவிஸ் ராணுவத்து மேஜர், ஒரு பெண். அப்பா கொரியர்.

நான் பி.காம். படித்தவன். டிரயல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வித்தியாசத்தைத் தூக்கி ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒரு தலைப்பில் போட்டு, தாற்காலிகமாகக் கணக்கை நேராக்கிவிட்டு, அப்புறம் சாவகாசமாகத் தப்பைத் தேடுவது. அந்த மேஜரும் கிட்டத்தட்ட கணக்குப்பிள்ளைதான். பிணங்களில் எத்தனை தோட்டா, சுவரில் எத்தனை, துப்பாக்கியில் மிச்சம் எத்தனை என்று எண்ணுகிறார். கணக்கு உதைக்கிறது. அந்த அறையில் இன்னொரு ஆள், இன்னொரு துப்பாக்கி இருந்திருக்க வேண்டும்.

இருந்தது. உண்மையில் நடந்தது கடத்தலும் இல்லை, தாக்குதலும் இல்லை. சிநேகிதம். ராத்திரியில் வழி தவறிக் கண்ணிவெடியை மிதித்துவிட்ட தென் கொரியனை வட கொரிய சார்ஜென்ட் காப்பாற்றிவிடுகிறான். அப்புறம் கல்லில் கட்டி எறிந்த கடிதங்கள். அப்புறம் பாலம் தாண்டி ராத்திரி விருந்து. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நாலு பேருமாகச் சின்னப் பையன்கள் மாதிரி விளையாடுகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், சாக்லெட் பை தின்கிறார்கள். கடைசி ராத்திரி ஒரு வட கொரிய அதிகாரி கதவைத் திறந்து உள்ளே வந்துவிடுகிறான். எல்லார் கையிலும் துப்பாக்கி. பெரிய சார்ஜென்ட் பேசிப் பேசி எல்லாரையும் இறக்கவைக்கிறான். இறக்கிக்கொண்டே இருக்கும்போது யாரோ லேசாக அசைகிறார்கள்.

அவ்வளவுதான். வெடிக்கிறது.

ஒரு நிமிஷம் முன்னால் வரை தம்பி என்று கூப்பிட்டவனை இன்னொருவன் சுடுகிறான். செத்த பிறகும் சுடுகிறான்.

கடைசியில் மேஜர் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறார். விடைபெறும்போது தென் கொரிய சார்ஜென்ட்டிடம் ஒரு சின்னத் திருத்தம் சொல்கிறார். அந்த வட கொரியச் சின்னப் பையனை முதலில் சுட்டது உன் கூட்டாளி இல்லை, நீதான் என்று. சில நிமிஷத்தில் அவன் ஒரு கைத்துப்பாக்கியைப் பறித்து வாயில் வைத்துச் சுட்டுக்கொள்கிறான்.

மாமா கேட்டது அதைத்தான். எதுக்குச் சொல்லுச்சு?

“உண்மையைத் தெரிஞ்சிக்கிட்டா சொல்லாம எப்படி மாமா இருக்க முடியும்?” என்றேன். எலுமிச்சம்பழச் சாதத்தோடு சுலபமாக இறங்குகிற பதில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கவளத்தை உருட்டிக் குரங்குப் பக்கம் எறிந்தார். (குரங்குகளுக்குச் சோறு போடாதீர்கள் என்று வனத்துறை தொண்டை வற்றச் சொல்கிறது. மாமாவிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள்.)

படத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. விசாரணை நடுவில் மேஜரை அந்த வழக்கிலிருந்து விலக்குகிறார்கள். காரணம் அவருடைய அப்பா. கொரியப் போரில் பிடிபட்ட வட கொரிய அதிகாரி அவர். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், வேறு ஏதாவது நாட்டுக்கு அனுப்புங்கள் என்று சொன்ன 76 போர்க் கைதிகளில் ஒருவர். படம் பார்க்கிற பலர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். நான் அங்கே நிறுத்தி, இரண்டு தரம் பார்த்தேன். ஏனென்றால் அந்த 76 பேர் கதையில் நம் ஊர் வருகிறது.

1953-ல் போர் நின்றபோது பெரிய சிக்கலே கைதிகள்தான். ஐ.நா. தரப்பின் பிடியில் இருந்த 22,600-க்கும் மேற்பட்ட சீன, வட கொரியக் கைதிகள் ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்றார்கள். அந்தப் பக்கத்தில் பிடிபட்டவர்களில் 359 பேரும் அதேபோல. இவர்களை யார் பார்த்துக்கொள்வது? யாரை இரண்டு பக்கமும் நம்புவது? இந்தியாவைக் கூப்பிட்டார்கள். இந்தியா, சுவிட்சர்லாந்து, ஸ்வீடன், போலந்து, செக்கோஸ்லோவாகியா என்று ஐந்து நாட்டுக் கமிஷன். தலைவர் ஜெனரல் திம்மையா. முகாம்களைக் காக்க மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் இந்தியப் படை. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, ‘இந்தியச் சிப்பாய் ஒருத்தன் கால்கூட என் மண்ணில் படக் கூடாது’ என்று பிடிவாதம் பிடித்ததால், கப்பலில் போனவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி நேரே அந்த ஆளில்லாப் பட்டைக்குள் இறக்கினார்கள். அங்கே அவர்கள் போட்ட கூடார ஊருக்கு ‘ஹிந்த் நகர்’ என்று பெயர். இதற்கெல்லாம் முன்னால் 1950-லிருந்தே நம் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில், அந்தப் போரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களைப் பற்றியெல்லாம் நம் பாடப் புத்தகங்கள் ஏன் மூச்சுவிடுவதில்லை என்பது தனிக் கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.

அந்தக் கமிஷனுக்குக் கொடுத்த வேலையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கைதியையும் தனித்தனியாக ஒரு கூடாரத்துக்குள் கூட்டி வர வேண்டும். அவன் நாட்டிலிருந்து வந்த அதிகாரி, ‘வா தம்பி, வீட்டில் தேடுகிறார்கள்’ என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் உட்கார்ந்து கேட்க வேண்டும். கூடாரத்துக்கு இரண்டு வாசல். ஒன்று வழியாகப் போனால் ஊர். இன்னொன்று வழியாகப் போனால் மறுபடி முகாம். 90 நாள் கெடு. அக்டோபர் 15-ம் தேதி ஆரம்பித்து டிசம்பர் 23-ம் தேதி கெடு முடிந்தது. ஒரு சிப்பாயின் மனசில் இருக்கிற காரணத்தைக் கண்டுபிடிக்க உலக சரித்திரத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு அதற்கு முன்னால் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது? கைதிகள் கத்தினார்கள். காறித் துப்பினார்கள். கூடாரத்துக்கு வரவே மறுத்து முகாம் முகாமாக மல்லுக்கு நின்றார்கள். சிலர் உடம்பில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்கள் பச்சை குத்தியிருந்தன. ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டவர்களும் உண்டு, பிடித்துவைத்துக் குத்தப்பட்டவர்களும் உண்டு. பச்சை குத்திய கையோடு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சீனாவுக்குத் திரும்புவது? முகாமுக்குள்ளேயே தலைவர்கள் இருந்தார்கள், அடியாட்கள் இருந்தார்கள். ஊருக்குப் போகிறேன் என்று ஜாடை காட்டினால் ராத்திரி என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் சொல்லும் ‘போக மாட்டேன்’ அவனுடைய சொந்த விருப்பம்தானா என்று கமிஷனே அறிக்கையில் சந்தேகப்பட்டது. நம் சிப்பாய்கள் பெரும்பாலும் பொறுமையாக இருந்தார்கள். ஒரு இந்திய மேஜரைக் கைதிகள் பிடித்துவைத்துக்கொண்டபோது தோரட்டே முகாமுக்குள் போய்ப் பேசி மீட்டு வந்தார். ஆனாலும் துப்பாக்கியைத் தூக்க நேர்ந்தது. கைதிகள் சிலர் இந்தியக் குண்டில் செத்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

கடைசிக் கணக்கு: 22,600 பேரில் ஊருக்குத் திரும்பியவர்கள் சுமார் 600. ‘இரண்டுமே வேண்டாம்’ என்றவர்கள் 88. வட கொரியர் 74, தென் கொரியர் 2, சீனர் 12. படத்தில் சொல்லும் 76, கொரியர்கள் கணக்கு. (74-ம் 2-ம் 76. டேலி ஆகிறது. பி.காம். புத்திக்கு எத்தனை அற்ப சந்தோஷம்!)

இரண்டு வாசல் கூடாரத்தில் மூன்றாவது வாசல் கேட்ட அந்த 88 பேரையும் நம் படை கப்பலில் கூட்டி வந்தது. 1954 பிப்ரவரியில் ‘அஸ்டூரியாஸ்’ என்ற கப்பலில் அவர்கள் வந்து இறங்கிய இடம், மெட்ராஸ் துறைமுகம். அங்கிருந்து டில்லி. பிற்பாடு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் மனசு மாறி ஊர் திரும்பினார்கள். ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள். கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹூன் 1960-ல் எழுதிய ‘சதுக்கம்’ நாவலின் நாயகன் இப்படி இந்தியாவுக்கு வருகிற கைதிதான். கப்பலுக்கு அவர் வைத்த பெயர் ‘தாகூர்’. அவன் வந்து சேர்வதில்லை. நடுக்கடலில் காணாமல் போய்விடுகிறான்.

அந்த 88 பேர் ஏன் அப்படிச் சொன்னார்கள்? கொள்கையா? பயமா? ஊரில் எல்லாரும் செத்துப்போனதா? மேல்படிப்பு ஆசையா? இரண்டு பக்கமும் செய்ததைப் பார்த்து வந்த குமட்டலா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். ஃபாரத்தில் எழுதும்போது ஒன்றைத்தான் எழுத முடியும். கேட்கிறவர் முகத்தைப் பார்த்து எது செல்லுபடியாகுமோ அதை எழுத வேண்டும்.

சிப்பாயிடம் ‘ஏன்?’ என்று கேட்கும் எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கேட்கிறவன் கையில் ஒரு ஃபாரம் இருக்கிறது. பதில் அந்தக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். தெற்கின் ஃபாரத்தில் ‘கடத்தல்’ என்று ஒரு கட்டம். வடக்கின் ஃபாரத்தில் ‘ஆக்கிரமிப்பு’ என்று ஒரு கட்டம். ‘சாக்லெட் பை தின்றுகொண்டிருந்தோம், கை தானாக அசைந்தது’ என்பதற்குக் கட்டமே கிடையாது.

நம் ஊர் நடுகற்களைப் பாருங்கள். எந்த ராஜா காலம், எந்தப் பூசல், இன்னார் மகன் இன்னார், மாடு மீட்கப் போய்ப் பட்டான். முடிந்தது. ஆயிரத்துச் சொச்ச வருஷத்துக்கு முந்தைய ஃபாரம் அது. பட்டவன் அன்றைக்குக் காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுக் கோபத்தில் முன்னால் பாய்ந்தானா, பக்கத்தில் இருந்தவன் ஓடினதால் தானும் ஓடினானா என்பதைக் கல்லில் வெட்ட மாட்டார்கள். மாடு மீட்டது பொய் இல்லை. அது மட்டும்தான் காரணமா என்பதுதான் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ எழுத்தாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சண்டை முனையில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் எதிரியைச் சுடவே இல்லை என்று. அவர் அந்தக் கணக்கை எப்படி எடுத்தார் என்று பின்னால் பலர் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஆனால் பயிற்சி மாறிவிட்டது. வட்டம் போட்ட பலகைக்குப் பதிலாக மனுஷ உருவத்தில் அட்டை. திடீரென்று எழும்பும். யோசிக்க நேரமில்லை. சுடு. எழும்பு, சுடு. யோசனை வருவதற்கு முன்னால் விரல் முடித்துவிட வேண்டும், அதற்குத்தான் சம்பளம், ரேஷன், பரேடு எல்லாம். வெலிங்டனில் பயிற்சி பெறும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. அதில் ‘ஏன்’ என்று ஒரு சொல்கூட இல்லை, இருந்தால் முழக்கமாகாது.

இப்படி வருஷக்கணக்கில் ‘ஏன்’ என்ற கேள்வியை ஒருவனிடமிருந்து பிடுங்கிவிட்டு, துப்பாக்கி வெடித்த மறுநாள் காலையில் வந்து, ‘சொல்லப்பா, ஏன்?’ என்கிறோம்.

அதே பான்முன்ஜோமில் 1976 ஆகஸ்ட் 18-ம் தேதி ஒரு நெட்டிலிங்கம் மாதிரி உயர்ந்த மரம். பாப்ளர். காவல் போஸ்ட்டை மறைக்கிறது என்று கிளையைக் கழிக்கப் போனார்கள். வாய்த் தகராறு முற்றி, வட கொரியர்கள் கோடரியாலேயே இரண்டு அமெரிக்க அதிகாரிகளைக் கொன்றார்கள். மூன்றாம் நாள் அமெரிக்கா படை பரிவாரத்தோடு வந்து மரத்தை வெட்டியது. அதுவரைக்கும் அந்த வளாகத்துக்குள் இரண்டு பக்கத்தாரும் அங்குமிங்கும் நடமாடலாம். அதற்கு அப்புறம்தான் நடுவில் கோடு. கிம் உத்தரவா, அந்த இடத்துக் கோபமா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. 1998 பிப்ரவரியில் இன்னொன்று. அதே வளாகத்தில் ஒரு தென் கொரிய இளம் லெப்டினன்ட் தலையில் குண்டு பாய்ந்து கிடந்தார். ராணுவம் தற்கொலை என்றது. அப்பா ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல், அவரே ஒப்புக்கொள்ளவில்லை. 2006-ல் உச்ச நீதிமன்றம், ஆரம்ப விசாரணையைச் சொதப்பிவிட்டீர்கள் என்று அரசைக் குட்டியது. 2017-ல் பணியில் இறந்தவர் என்று அங்கீகரித்தார்கள். தற்கொலையா கொலையா என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

சரி, அப்படியானால் யாருக்கும் பொறுப்பே இல்லையா? விரல்தான் சுட்டது, பயிற்சிதான் சுட்டது, நான் சும்மா நின்றேன் என்று சொல்லிவிடலாமா? நியூரம்பெர்க் கூண்டில் நின்றவர்களும் கிட்டத்தட்ட அதைத்தானே சொன்னார்கள்? எனக்கு இந்த இடத்தில் பேனா தயங்குகிறது. உத்தரவு போட்டு, லிஸ்ட் தயாரித்து, ரயில் ஏற்றி அனுப்பியவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது. ராத்திரி ராத்திரியாக நேரம் இருந்தது. குடிசைக்குள் நின்றவனுக்கு அரை வினாடி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மனசு வரவில்லை. ஆனால் படத்தில் அந்த சார்ஜென்ட் தன்னைத் தானே சுட்டுக்கொண்டதைப் பாருங்கள். அவனைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. ‘வேண்டுமென்று செய்யவில்லையே’ என்பது அவனுக்குப் போதவில்லை. தன் கைதான் என்று தெரிந்தது. அது போதும்.

சாப்பாடு முடிந்து கை கழுவ ஆற்றில் இறங்கினோம். கோவில் பக்கம் பொங்கல் புகை. கிராமத்து அய்யனாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூரணை, புஷ்கலை இரண்டு பக்கமும். ராத்திரியில் குதிரை ஏறி எல்லையைச் சுற்றி வருகிற சாமி. ஆனால் பல ஊர்களில் அய்யனார் சைவம். கெடா வெட்டு கருப்பனுக்குத்தான். அரிவாள், சுருட்டு எல்லாம் கருப்பன் இலாகா. வெட்டுகிற நேரத்தில் அய்யனார் சந்நிதிக்குத் திரை போட்டுவிடுவார்கள், ரத்தம் அவர் கண்ணில் படக் கூடாதென்று. எல்லைக்குச் சொந்தக்காரர் ஒருத்தர், அரிவாள் பிடிப்பவர் இன்னொருத்தர். சின்ன வயசில் இதைப் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. நாமெல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறவர்கள்.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இதைப் பேசிக் கேட்டதில்லை. ரெஜிமெண்ட், போஸ்ட் பெயர் எல்லாம் வேண்டாம். காஷ்மீர் எல்லைக்கோடு. 2003 நவம்பர் போர்நிறுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள்.

“எதிர்ல அவனுக போஸ்ட். நடுவுல ஒரு ஓடை. நாங்களும் அதுலதான் தண்ணி எடுக்கணும், அவனுகளும் அதுலதான் எடுக்கணும். யாரும் பேசி வைக்கல மாப்ள. அவுக எடுக்குற நேரம் நாங்க போக மாட்டோம், நாங்க எடுக்குற நேரம் அவனுக வர மாட்டானுக. அதுவா அமைஞ்சிருச்சு. அங்க ஒருத்தன் காலைல பல்லு வெளக்கும்போது பாடுவான். பழைய இந்திப் பாட்டு, ரஃபி பாட்டு. சுதியே சேராது. எங்க பயலுக ‘ரேடியோ ஆரம்பிச்சிட்டான்டா’ம்பானுக. மொகம் தெரியாது. கொரல் மட்டுந்தான்.

“ஒரு ராத்திரி மூடுபனி. என் ட்யூட்டி. ஓடைப் பக்கம் கல்லு உருண்ட சத்தம். சுட்டேன். நான் சுட்டதும் எல்லாரும் சுட்டானுக, அங்கிருந்தும் சுட்டானுக. இருபது நிமிசம் இருக்கும். விடிஞ்சு பார்த்தா ஓடையில ஒண்ணுமில்ல. எங்காளுக்கு ஒரு கீறல் இல்ல. ரிப்போர்ட் எழுதினேன், ஊடுருவல் மாதிரி தெரிஞ்சுதுன்னு.”

நிறுத்தினார்.

“அப்புறம் பாட்டு வரல.”

தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “லீவுல போயிருக்கலாம். வேற போஸ்ட்டுக்கு மாத்தியிருக்கலாம். ரெண்டு மாசத்துல எங்க யூனிட்டே எறங்கிருச்சு. தெரியாமலே போச்சு.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பத்திரிகைக்காரப் புத்தி. கேட்டேன்: “ஏன் மாமா சுட்டீங்க?”

“ரிப்போர்ட்லதான் எழுதியிருக்கேனே.”

“அது...”

“அது பொய்யில்ல மாப்ள. அந்த மாசம் பக்கத்து போஸ்ட்ல ஊடுருவல் நடந்துச்சு. ஆனா அதுக்காகச் சுடல. எதுக்காகவும் சுடல. சத்தம் கேட்டுச்சு, சுட்டேன். அதை எப்படி எழுதுறது? நீங்க எழுதுறவுக, நீங்களே சொல்லுங்க.”

சொல்லத் தெரியவில்லை. அந்த மேஜர் நினைவுக்கு வந்தார். கெட்டவரில்லை. இரக்கம் உள்ளவர். அவனுக்கு நல்லது செய்யத்தான் வந்தார். ஆனால் ஒரு தோட்டா உதைத்துக்கொண்டிருந்தது, அதை நேராக்காமல் புத்தகத்தை மூட அவருக்கு மனசில்லை. அவனுக்கு அது தேவைப்பட்டதா என்று அவர் யோசிக்கவில்லை. இவர் சாதத்தைத் தின்றுவிட்டு, இவர் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டு, நானும் இப்போது அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். பாறையில் பக்கத்தில் உட்கார்ந்து, சிநேகிதமாக.

மாமா விபூதி வாங்கி வந்தார். எனக்கும் பூசிவிட்டார். வெயில் சாய்ந்துவிட்டது. கிளம்பும்போது அவராகவே கேட்டார்:

“இதை எழுதுவீகளா?”

“வேண்டாம்னா எழுதல மாமா.”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எழுதுங்க. போஸ்ட் பேரு போட்ராதீக.”

“பாட்டு?”

“பாட்டுப் பத்திப் போடுங்க. சுதி சேராதுன்னு மட்டும் போட வேணாம்.”

போட்டுவிட்டேன், மன்னியுங்கள் மாமா. அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஆற்றில் இறங்கினார். “பாசி இருக்கு, பாத்து வாங்க” என்றார்.